மழைக்குள் ஒரு மேடு

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குத் தெரிந்த மலை கீரிமலை ஒன்றுதான். அங்கே போனால் மலையைக் காணமுடியாது. கேணியும் கடலும்தான் இருக்கும். சைக்கிள் ஓடுகிறவளுக்கு எங்கள் ஊரில் மேடு என்று ஒன்று இல்லை. எதிர்க்காற்றுத்தான் எங்களுக்கு மேடு. நெல்லியடியில் பெரியம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போது, வல்லை வெளியில் சோளகம் முகத்தில் அடித்தால் எவ்வளவு உழக்கினாலும் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். அந்த வெளியை உழக்கித் தாண்டியவர்கள் இதை வாசிப்பவர்களிலும் பலர் இருப்பீர்கள்.

அப்படிப்பட்ட நான், நாற்பத்தைந்து வயதில், இங்கிலாந்தில் ஒரு மலையேற்றச் சைக்கிள் போட்டியில் முதுகில் இலக்கம் குத்திக்கொண்டு நின்றேன். அதுவும் கொட்டும் மழையில். கோண்டாவிலில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "உனக்கென்ன பிள்ளை, விசரே?" என்றுதான் முதலில் கேட்டார்.

நான் வசிப்பது தென்கிழக்கு லண்டனில், கட்ஃபோர்ட் என்ற பகுதியில். பக்கத்தில் லூயிஷம் சிவன் கோவில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர். இதே கட்ஃபோர்ட்டின் பெயரில் 1886இல் ஒரு சைக்கிள் சங்கம் தொடங்கப்பட்டது. அந்தச் சங்கம் 1887இல் நடத்திய மலையேற்றப் போட்டி இன்றைக்கும் நடக்கிறது. உலகில் இன்றுவரை நடந்துவரும் சைக்கிள் போட்டிகளில் இதுவே மிகப் பழையது என்று சொல்கிறார்கள். காற்றடிக்கிற சைக்கிள் ரயரை டன்லப் என்பவர் செய்தது 1888இல். ஆகவே முதலாவது போட்டியில் ஓடியவர்கள் கட்டி றப்பர் ரயரில் மேடு ஏறியிருக்கிறார்கள். இருபது வருடமாக அதே தெருக்களால் கடைக்கும் கோவிலுக்கும் போய்வந்த எனக்கு இது ஒன்றும் தெரியாது. எங்கள் வாழ்க்கை அப்படி. வேலை, சமையல், பிள்ளையின் படிப்பு, ஊருக்குக் காசு அனுப்புவது. இருக்கிற ஊரைத் திரும்பிப் பார்க்க நேரம் இல்லை.

நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். 2020இல் கொரோனா வந்தபோது பஸ்களில் ஏற்றும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். விடியப்புறம் தரிப்பில் நின்றால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பஸ்கள் நிற்காமலே போகும். பக்கத்து வீட்டு அம்மா ஓய்வுபெற்ற தாதி. ஒருநாள் அவர் தன் கொட்டிலில் கிடந்த சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "இதை எடுத்துக்கொண்டு போ" என்றார். நான் வேண்டாம் என்றேன். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்று பொய்யும் சொன்னேன்.

உண்மை என்னவென்றால், 1995க்குப் பிறகு இருபத்தைந்து வருடமாக நான் சைக்கிளில் ஏறியதில்லை. அதற்கு முன்னரோ சைக்கிள் இல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. 1990இல் பெற்றோலும் டீசலும் நின்றபிறகு எங்கள் குடாநாடு எப்படி ஓடியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் சைக்கிளில்தான், விறகு கட்டியதும் சைக்கிளில்தான். பற்றறி கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவைக் கொழுவிச் செய்தி கேட்டோம். செய்தி வாசித்து முடியும்வரை மாறி மாறிச் சுற்றவேண்டும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

இரண்டாம் நாளும் பஸ் நிற்கவில்லை. அன்று அந்தச் சைக்கிளை எடுத்தேன். கால் மறக்கவில்லை. நாலு நாளில் பழையபடி ஓடினேன். பிறகு எங்கள் பகுதியில் பெண்கள் சிலர் ஞாயிறுகளில் சேர்ந்து ஓடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்களுடன் போனேன், அவர்களுடைய சங்கத்திலும் சேர்ந்தேன். கோவிலில் கண்ட ஒருவர் என் கணவரிடம், "என்ன, உங்கட மனிசி இந்த வயதில களிசானோட திரியிறா?" என்று கேட்டாராம். கணவர் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய்க் காற்சட்டை இல்லாமல் சேலையோடு அந்தக் குளிரில் ஓடிக் காட்டட்டும் பார்ப்போம்.

அந்தப் பெண்கள்தான் எனக்குப் பெறில் பேர்ட்டனைப் பற்றிச் சொன்னார்கள். 1937இல் யோர்க்ஷயரில் பிறந்தவர். சிறு வயதில் கடும் வாதக் காய்ச்சலில் நெடுநாள் படுத்தவர். உடலை வருத்தும் வேலை செய்யக்கூடாது என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். அவர் செய்ததோ தோட்டவேலை, ருபார்ப் என்ற தண்டுப்பயிர் நடும் தோட்டத்தில். 1967இல் நடந்த பன்னிரண்டு மணித்தியாலப் போட்டியில் இவர் 277.25 மைல் ஓடினார். ஏறத்தாழ 446 கிலோமீற்றர். அன்றைய ஆண்களின் சாதனையையும் அது தாண்டிவிட்டது. முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஆண் வீரரை வழியில் முந்தும்போது, சட்டைப் பையிலிருந்து ஓர் இனிப்பை எடுத்து அவரிடம் நீட்டினாராம். ஆண்கள் அவரை எட்டிப் பிடிக்க 1969 ஆயிற்று. பெண்களில் அவரது தூரத்தைத் தாண்ட ஒருவர் வருவதற்கு 2017வரை, ஐம்பது வருடம் சென்றது.

இந்தக் கதையைக் கேட்ட உற்சாகத்தில்தான் ஒருநாள் வாய் தவறி, நானும் அந்த மலையேற்றத்துக்குப் பெயர் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் மகளும் நானும் இடத்தைப் பார்க்கப் போனோம். கட்ஃபோர்ட்டிலிருந்தே செவனோக்ஸ் பட்டினத்துக்கு ரயில் இருக்கிறது. சைக்கிளையும் ஏற்றலாம். லண்டன் வீடுகள் முடிந்ததும் பசும் புல்வெளிகளும் ஆப்பிள் தோட்டங்களும் சிற்றாறும் தொடங்கிவிடும். கென்ற் மாவட்டம் அது. செவனோக்ஸில் இறங்கி ஏழெட்டுக் கிலோமீற்றர் உழக்கினால் ஐட் ஹில் என்ற கிராமம். குன்றின்மேல் தேவாலயமும், அதைச் சுற்றிச் சில வீடுகளும். அங்கிருந்து தெற்கே பார்த்தால் வெகுதூரத்துக்குச் சமவெளி. நடுவில் ஒரு பெரிய நீர்த்தேக்கம். "இரணைமடு மாதிரி" என்றேன். மகள் இரணைமடுவைக் கண்டதில்லை.

அந்தக் குன்றில் ஒக்ரேவியா ஹில் என்ற பெண்மணியின் நினைவாக ஓர் இருக்கை வைத்திருக்கிறார்கள். லண்டனில் ஏழைகளின் வாடகை வீடுகளைத் திருத்துவதற்கு உழைத்தவர். அழகான நிலங்களைப் பொதுமக்களுக்காகக் காக்கும் நஷனல் ட்ரஸ்ட் அமைப்பை 1895இல் தொடங்கிய மூவரில் ஒருவர். அதில் இருந்து கொண்டுபோன இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்டோம்.

போட்டி நடக்கும் ஒழுங்கைக்கு யோர்க்ஸ் ஹில் என்று பெயர். நீளம் 646 மீற்றர்தான். எங்கள் ஊர்ச் சந்தியிலிருந்து அடுத்த சந்திவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குள் மூன்று பனை உயரத்துக்கு மேல் ஏறிவிட வேண்டும். கார் ஒன்று போனால் எதிரே வருவதற்கு இடமில்லாத ஒடுக்கம். இரண்டு பக்கமும் மண் வரம்பு, அதில் வேரோடிய பெரிய மரங்கள், மேலே கிளைகள் கூடிக் கூரைபோல் மூடியிருக்கும். தொடக்கம் இலேசு. பிறகு ஒரு செங்குத்து. அதைக் கடந்தால் கொஞ்சம் மூச்சுவிட விடும். கடைசியில் வருவதுதான் கொடுமை. நாலு மீற்றர் முன்னே போனால் ஒரு மீற்றர் மேலே போகவேண்டிய சரிவு. 1983இல் ஃபில் மேசன் என்பவர் இதை ஒரு நிமிடம் 47.6 விநாடியில் ஏறினார். பல பத்து வருடங்கள் அதை ஒருவரும் அசைக்கவில்லை. அன்று நான் பாதிவழியில் இறங்கி, மண் வரம்பைப் பிடித்துக்கொண்டு இளைத்தேன். மகள் எனக்கு முன்னால் மேலே போய்விட்டாள்.

இந்தப் போட்டிக்காரர்கள் சைக்கிளைப் பாரம் குறைக்கிற விதம் பெரும் வேடிக்கை. மட்காட், போத்தல், மணி எல்லாவற்றையும் கழற்றுவார்கள். ஹான்டிலின் வளைந்த பகுதியை வாளால் அரிந்துவிடுவார்கள். இரும்பில் துளை போடுவார்கள். சீற்றின் பஞ்சைக்கூட உரித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாங்காயின் பாரத்தைக் குறைப்பதற்காகச் சம்பளத்தில் பாதியைச் செலவழிப்பார்கள். சங்கத்துப் பெண்கள் என் சைக்கிளில் கரியரைக் கழற்ற வேண்டும் என்றார்கள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனேன். நெடுநேரம் அந்தக் கரியரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு எனக்குப் பதினேழு வயது. அப்பா 1990இலேயே காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, அம்மம்மா, தம்பி, நான். அம்மா தைத்துத்தான் எங்களை வளர்த்தார். ஒலிபெருக்கியில் வெளியேறச் சொன்னதும், என் சைக்கிள் கரியரில் அம்மா முதலில் கட்டியது தையல் மெசினின் தலையைத்தான். ஹான்டிலில் அரிசிப்பையும் கேத்திலும் தொங்கின. செம்மணி வெளிக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து இலட்சம் சனம் ஒரே ரோட்டில், நாவற்குழிப் பாலத்தைக் கடப்பதற்காக. ஒரு அடி வைத்தால் ஒரு மணி நிற்கவேண்டும். அன்று அந்த ரோட்டில் நின்றவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். ஆகவே அதை வர்ணிக்கப் போவதில்லை.

அம்மம்மாவுக்குக் கால் வழங்கவில்லை. நிலத்தில் இருந்துவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் கரியர்க் கயிற்றை அவிழ்த்தார். மெசினைத் தூக்கி ரோட்டுக் கரையில் வைத்தார். அதன்மேல் ஒரு உரப்பையைப் போட்டு மூடினார், நனையாமல் இருக்கவாம். அம்மம்மாவைக் கரியரில் ஏற்றினோம். நான் உருட்டினேன். அம்மம்மா வழி முழுவதும் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "என்னை இறக்கிப்போட்டு மெசினை ஏத்து பிள்ளை. நான் இனி என்னத்துக்கு? அது உழைக்கும்." பத்துத் தரம், இருபது தரம். பாலத்துக்குக் கிட்ட எனக்குப் பொறுமை போய், "வாயை மூடிக்கொண்டு இரணை!" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அம்மம்மா கைதடிவரை ஒரு சொல்லும் பேசவில்லை. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். மார்கழியில் காய்ச்சல் வந்து அங்கேயே செத்துப்போனார். அடுத்த சித்திரை மாதம் வீடு திரும்பும்போது நாங்கள் மூன்று பேர். சைக்கிளை அதற்கிடையில் அரிசிக்காக விற்றுவிட்டோம். விற்றது எனக்கு நிம்மதியாக இருந்தது.

கரியரைக் கழற்றினேன். ஆறு ஆணிதான்.

போட்டி ஒக்டோபர் ஞாயிறு காலையில். முதல்நாள் இரவே மழை தொடங்கிவிட்டது. கணவர் காரில் கொண்டுபோனார். வழியெல்லாம் ஒழுங்கைகள் வாய்க்கால்போல ஓடின. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சங்கத்தார் மழைக்கோட்டுகளோடு நின்று தும்புத்தடியால் ரோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டக் கூட்ட மரங்கள் கொட்டிக்கொண்டே இருந்தன. ஈரத்தில் ஊறிய இலை சவர்க்காரம் போன்றது. அதற்குக் கீழே பாசி வேறு.

மழையில் மேடு ஏறுவதற்கு ஒரு நுட்பம் இருக்கிறது. காய்ந்த ரோட்டில் எழும்பி நின்று, முழுப் பாரத்தையும் பெடலில் போட்டு உழக்கலாம். ஈரத்தில் அப்படி எழும்பினால் பின்சில்லின்மேல் பாரம் இல்லாமல் போய், அது நின்ற இடத்தில் சுழலும். இருந்தபடியே, நெஞ்சை முன்னே சாய்த்து, ஒரே சீராக உழக்கவேண்டும். ரயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்துவிடவேண்டும். இதெல்லாம் எனக்குப் பாடம். ஆனால் பாடமாக இருப்பதும் கால் கேட்பதும் வேறு வேறு.

ஒரு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்புகிறார்கள். வேகமானவர்கள் கடைசியில், என்னைப் போன்றவர்கள் முதலில். பின்னாலிருந்து ஒருவர் சீற்றைப் பிடித்துக்கொள்ள, நாம் இரண்டு காலையும் பெடலில் வைத்தபடி காத்திருக்கவேண்டும். அவர் தள்ளக்கூடாது. கையை எடுக்க மட்டும்தான் அனுமதி. என்னைப் பிடித்தவருக்கு எழுபதுக்கு மேல் வயதிருக்கும். மூக்கு நுனியால் மழைத்தண்ணீர் சொட்டியது. இதற்கு முன் என் சீற்றைப் பின்னால் பிடித்தவர் அப்பா, எட்டு வயதில் நான் பழகியபோது. நேரம் பார்ப்பவர் ஐந்து, நாலு, மூன்று என்று எண்ணினார்.

முதற் செங்குத்தை இருந்தபடியே ஏறிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. கண்ணாடி மூடுபனியாகிவிட்டது. கழற்றிச் சட்டைக்குள் போட்டேன். இரண்டு பக்கமும் வரம்பின்மேல் சனம். குடை பிடித்தவர்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்தவர்கள், மாட்டு மணி ஆட்டுபவர்கள், சட்டியில் கரண்டியால் அடிப்பவர்கள். முன்பின் தெரியாத என்னைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார்கள். மூச்சு நெருப்பாக வந்தது. கடைசிச் சரிவு தொடங்கியது. முன்சில்லு நிலத்தைவிட்டுக் கிளம்பப் பார்த்தது. பயத்தில் எழும்பிவிட்டேன். அவ்வளவுதான். பின்சில்லு "சர்" என்று சுழன்றது. சைக்கிள் நின்றது. விழாமல் காலை ஊன்றிவிட்டேன்.

திரும்ப ஏறி உழக்கத் தொடங்க அந்தச் சரிவில் முடியாது. ஒதுங்கி நிற்கலாம். எனக்கு அடுத்தவர் கிட்ட வந்துவிட்டார், அவருக்கு வழிவிட்டேன். அவர் போனதும் என் கைகள் என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தன. இடக்கை ஹான்டிலில், வலக்கை சீற்றில். பின்பாரம் உள்ள சைக்கிளை உருட்டுகிற பிடி அது. குனிந்து தள்ளினேன். கரையோரத்தில் இலை குறைவு. அங்கே குதிக்காலை ஊன்றி ஊன்றி ஏறினேன். சனத்தின் சத்தம் முன்னையதிலும் பார்க்க இரண்டு மடங்காயிற்று.

கோட்டைத் தாண்டியதும் யாரோ போர்வை போட்டார்கள். யாரோ தேத்தண்ணீர் தந்தார்கள். என் நேரம் 6 நிமிடம் 4 விநாடி. அன்று முதலாவதாக வந்தவர் ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் ஏறியிருந்தார். பெண்களில் முதல் வந்த பிள்ளைக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. நான் கடைசியிலிருந்து மூன்றாவது. எனக்குப் பின்னால் இருந்த இருவரும் விழுந்தவர்கள். ஆகவே பெருமைப்பட ஒன்றுமில்லை.

காரில் சூடு போட்டுக்கொண்டு திரும்பும்போது மகள் கேட்டாள். "அம்மா, எல்லாரும் ரெண்டு கையாலயும் ஹான்டிலைப் பிடிச்சுத்தான் தள்ளினவை. நீங்க மட்டும் ஏன் சீற்றில கை வச்சனீங்கள்? வாய்க்குள்ள என்ன சொன்னனீங்கள்?" நான் ஏதோ சொன்னது எனக்குத் தெரியாது. வரம்பில் நின்றபோது தமிழில் கேட்டதாம். "இறங்காதையணை, இறங்காதையணை" என்று சொன்னேனாம்.

அவளுக்குப் பதினாறு வயது. அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னேன், அம்மம்மாவிடம் கத்தியதையும் சேர்த்து. கணவருக்கும் அந்தப் பகுதி தெரியாது. அவர் காரை ஒரு கரையில் நிறுத்திவிட்டார். மழை அடித்துக்கொண்டே இருந்தது.

இரவு அம்மாவுடன் பேசினேன். "எத்தினையாம் ஆளாய் வந்தனி?" என்று கேட்டார். சொன்னேன். "வழுக்கி விழேல்லைத்தானே, அது காணும்" என்றார். இத்தனை வருடத்தில் கேட்காததைக் கேட்டேன். அந்த மெசினை விட்டுவிட்டு வந்தது மனதில் இருக்கிறதா என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆர், அந்த மெசினோ? அது சும்மா ஊசி முறிக்கிற மெசின் பிள்ளை. நான் எப்பிடியும் விக்கத்தான் இருந்தனான்."

அந்த மெசினில் ஊசி முறிந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே மாரி இன்னும் தொடங்கவில்லையாம், கிணறு அடியில் கிடக்கிறதாம் என்று அம்மா வேறு கதைக்குப் போனார்.